கீழ்ப்படியாமை வழக்கில் வேலையிழந்த ரயில்வே தொழிலாளிக்காக வாதாடுதல்: முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை ரஸ்தா, கல்லல், திருமயம் பகுதிகளில் பாதைப் பராமரிப்பிலும் நிலையப் பணியிலும் இருக்கும் தொழிலாளர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கை வரும்போது, விசாரணையில் அவர்களுடன் அமர்ந்து வாதாட முன்வருகிற தோழர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களில் பலர் தொழிலாளியின் நற்குணத்தையும் குடும்பக் கஷ்டத்தையும் எடுத்துச் சொல்வதிலேயே நேரத்தைச் செலவிட்டு, வழக்கின் நடுவில் இருக்கும் உத்தரவைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். கீழ்ப்படியாமை என்ற குற்றச்சாட்டு ஓர் உத்தரவின் மேல்தான் நிற்கிறது. அதை இட்டவர் யார், எந்தச் சொற்களில் இட்டார், அப்படி இட அவருக்கு அதிகாரம் இருந்ததா, அது புரியும்படி சொல்லப்பட்டதா, தொழிலாளி என்ன பதில் சொன்னார் என்ற கேள்விகளுக்குத் தாளில் விடை சேர்ப்பதே கீழே வரும் ஒவ்வொரு படியின் நோக்கம்.

1. எந்த வழி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

"இதை ஆர்பிட்ரேஷனுக்குக் கொண்டுபோக முடியாதா?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வருகிறது. அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ், இத்தகைய பணிநீக்கங்கள் நடுவர்கள் முன் செல்கின்றன. இணையத்தில் தேடுகிறவர்களுக்கு அந்தத் தீர்ப்புகள்தான் கண்ணில் படுகின்றன. இந்திய ரயில்வேயின் நிரந்தரத் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. அரசும் ஊழியர் சங்கங்களும் பேசும் கூட்டு ஆலோசனை அமைப்பின் கட்டாய நடுவர் முறை ஊதியம் மற்றும் படிகள், வாராந்தர வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்று பொருள்களுக்கு, அதுவும் ஒரு பிரிவுத் தொழிலாளர் அனைவருக்கும் பொதுவான பிரச்சினைகளுக்கு மட்டுமே உரியது. தனி ஒருவரின் வழக்கை அது எடுத்துக்கொள்ளாது.

நிரந்தரத் தொழிலாளிக்கு உரிய பாதை, ரயில்வே பணியாளர் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள், 1968 வகுத்த பாதை: குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, தண்டனை ஆணை, மேல்முறையீடு, சீராய்வு, அதன்பின் தீர்ப்பாயம். ஒப்பந்ததாரரிடம் துப்புரவு, கேட்டரிங் போன்ற வேலை செய்கிறவருக்கு இந்த விதிகள் பொருந்தா. அவர் மத்தியத் தொழிலாளர் உதவி ஆணையரிடம் சமரசத்துக்கு மனுச் செய்ய வேண்டும். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் அங்கே நடுவர் ஒருவரை வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அடுத்து, ரயில்வே கோட்டத்தை (டிவிஷன்) சரிபாருங்கள். காரைக்குடி சந்திப்பும் திருச்சி–மானாமதுரைப் பாதையும் மதுரைக் கோட்டத்தில் வருகின்றன. அறந்தாங்கி வழியாகத் திருவாரூர் செல்லும் பாதை திருச்சிக் கோட்டத்தைச் சேர்ந்தது. ஒரே ஊரில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கும் இருவருக்கு மேல்முறையீட்டு அதிகாரி வேறு வேறு ஊரில் இருக்கலாம். தவறான கோட்டத்துக்குப் போன மனு திரும்பி வருவதற்குள் கெடு நாள் கடந்துவிடும்.

2. தாள்களையும் நாள்களையும் திரட்டுங்கள்

வாதத்தை யோசிப்பதற்கு முன் இவை கையில் இருக்க வேண்டும்: முதல் நியமன ஆணை, தற்காலிகப் பணிநீக்க (சஸ்பென்ஷன்) ஆணை இருந்தால் அது, எஸ்.எஃப்.5 என்று அழைக்கப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை நான்கு இணைப்புகளோடு, சம்பவ நாளின் வருகைப் பதிவேட்டு நகல், பணிப் பட்டியல், கேங் எனப்படும் பாதைப் பராமரிப்புக் குழுவின் டைரியில் அந்தப் பக்கம். நியமன ஆணையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஏழாம் படியில் அது வழக்கையே திருப்பிப் போடக்கூடும்.

பிறகு தொழிலாளியை உட்கார வைத்து, சம்பவ நாளையும் அதற்கு முந்தைய சில நாள்களையும் மணிவாரியாகச் சொல்லச் சொல்லி எழுதுங்கள். நம் பகுதியில் வட்டிக்கடைக் கணக்கு எழுதியவர்கள் அன்றைய வரவு செலவை முதலில் சிட்டையில் ஏற்றி, அதிலிருந்துதான் பேரேட்டுக்குக் கொண்டுபோவார்கள். இந்த நாள்வாரிக் குறிப்பும் அப்படி உங்கள் எல்லா மனுக்களுக்கும் மூலமாக இருக்க வேண்டும். நினைவு புதிதாக இருக்கும்போது எழுதாவிட்டால், மாதங்கள் கழித்து விசாரணையில் சொல்லும் விவரம் பதில் மனுவோடு முரண்படும். முரண்பட்ட இடத்தைத்தான் விசாரணை அதிகாரி அறிக்கையில் எடுத்தெழுதுவார்.

இப்போது உத்தரவுகள் வாட்ஸ்அப் குழுவிலும் குரல் பதிவாகவும் வருகின்றன. அந்தக் கைபேசியை மாற்றவோ, செய்திகளை அழிக்கவோ வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குத் தொடக்கத்தில் அரைச் சம்பள விடுப்பின் அளவுக்குப் பிழைப்பூதியம் கிடைக்க வேண்டும். 90 நாளுக்குள் மறுபரிசீலனை செய்து நீட்டிக்காத தற்காலிகப் பணிநீக்கம் செல்லாது. பிழைப்பூதியம் வராமல் இருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள். பட்டினியில் இருப்பவரால் விசாரணைக்கு நடக்க முடியாது.

3. மன்னிப்புக் கடிதம் எழுதவிடாதீர்கள்

நான் பார்த்த வழக்குகளில் மீட்கவே முடியாமல் போனவற்றில் பெரும்பான்மை இந்த இடத்தில் கெட்டவை. சம்பவம் நடந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, "ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்துடுப்பா, பெரியவர்கிட்ட சொல்லி இதோட முடிச்சிடுறேன்" என்று அலுவலகத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடேயே சொல்வார். தொழிலாளியும் "உத்தரவை மீறியது தவறுதான், இனி இப்படி நடக்க மாட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அந்தத் தாள் பின்னர் குறிப்பாணையின் மூன்றாம் இணைப்பில் முதல் ஆவணமாக வந்து நிற்கும்.

வருத்தம் தெரிவிக்க வேண்டிய நிலை இருந்தால் வருத்தத்துக்கும் ஒப்புதலுக்கும் உள்ள எல்லையைக் காத்து எழுதலாம்: "அன்று நடந்த பேச்சில் மேற்பார்வையாளர் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன், உத்தரவை நான் மறுக்கவில்லை, பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேட்டேன்." ஏற்கெனவே மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டிருந்தால், அது எந்தச் சூழலில், யார் சொல்லி எழுதப்பட்டது என்பதைப் பதில் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். விசாரணையின் இறுதியில் முதன்முறையாகச் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

குறிப்பாணையை வாங்க மறுப்பதும் இதே வகைப் பிழை. வாங்காவிட்டால் வழக்கு நிற்காது. வாங்க மறுத்ததாகச் சாட்சிகளோடு பதிவு செய்து மேலே செல்வார்கள், மறுப்பும் இன்னொரு கீழ்ப்படியாமையாகப் பேசப்படும். கையெழுத்திட்டு, பெற்ற தேதியையும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும்.

4. குற்றச்சாட்டைப் பிரித்துப் படியுங்கள்

எஸ்.எஃப்.5இன் முதல் இணைப்பில் குற்றச்சாட்டும், இரண்டாவதில் அதன் விவரமும், மூன்றாவதில் ஆவணங்களும், நான்காவதில் சாட்சிகளும் இருக்கும். குற்றச்சாட்டு பெரும்பாலும் ரயில்வே பணியாளர் நடத்தை விதிகள், 1966இன் விதி 3(1)ஐச் சுட்டும்: கடமையில் ஈடுபாடின்மை, பணியாளருக்குத் தகாத நடத்தை. அதே விதியின் அடுத்த பகுதியைப் பலர் படிப்பதில்லை. மேலதிகாரியின் உத்தரவு சாதாரணமாக எழுத்தில் இருக்க வேண்டும், வாய்மொழி உத்தரவை இயன்றவரை தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாய்மொழியாக இட்டால் உடனே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று விதி 3(2) சொல்கிறது. உறுதிசெய்யக் கேட்கும் பொறுப்பைத் தொழிலாளிக்கும் அது தருகிறது. எழுத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால் உத்தரவு செல்லாது என்று வாதிட வேண்டாம். தண்டவாளத்தருகே எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க இயலாது என்பதை எல்லாரும் அறிவார்கள். ஆனால் என்ன சொற்களில் உத்தரவு இடப்பட்டது என்பதில் சர்ச்சை வரும்போது, எழுத்தில் உறுதிசெய்யாத குறை நிர்வாகத்தின் பக்கம் விழுகிறது.

"மறுத்தார்" என்பதையும் "அவமரியாதையாகப் பேசினார்" என்பதையும் ஒரே வாக்கியத்தில் கோத்திருப்பார்கள். இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒன்றுக்கான சாட்சியம் மற்றொன்றுக்குப் போதாது. "அடிக்கடி கீழ்ப்படியாமல் நடப்பவர்" என்று தேதியோ சம்பவமோ இல்லாமல் எழுதியிருந்தால், தெளிவற்ற குற்றச்சாட்டுக்குப் பதில் அளிக்க இயலாது என்று விவரம் கேட்டு எழுதுங்கள்.

5. பத்து நாளில் பதில் மனு

பதில் மனுவுக்குச் சாதாரணமாக 10 நாள் அவகாசம். மூன்றாம் இணைப்பின் ஆவணங்களைப் பார்க்கவும் நகல் பெறவும் உடனே விண்ணப்பித்து, அவை கிடைக்கும்வரை அவகாசம் நீட்டிக்கும்படி அதே மனுவில் கேளுங்கள். ஆவணம் வராவிட்டாலும் குற்றச்சாட்டை மறுத்து ஒரு சிறு பதிலைக் கெடுவுக்குள் கொடுத்துவிடுங்கள்; பதிலே வராத கோப்பைத் தொழிலாளிக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று படிக்க இடம் கொடுக்கக் கூடாது.

உங்களை உதவியாளராக நியமிக்கும் கடிதத்தை உங்கள் சம்மதத்தோடு இணைத்து அனுப்ப வேண்டும். பணியிலிருக்கும் அல்லது ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரோ, அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தின் பொறுப்பாளரோ உதவியாளராகலாம். ஒருவர் ஒரே நேரத்தில் நடத்தும் வழக்குகளுக்கு வரம்பு உண்டு என்பதால், கையில் உள்ள வழக்குகளின் எண்ணிக்கையைச் சம்மதக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

6. விசாரணை

இந்தப் படிக்குத்தான் மிகுந்த உழைப்பு தேவை. இங்கே பதிவாகாத எதுவும் பின்னர் எந்த மன்றத்திலும் உதவாது. ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கல்லலுக்கும் தேவகோட்டை ரஸ்தாவுக்கும் இடையில் ஒரு கேங் வேலை செய்கிறது. ஃபிஷ்பிளேட் (இரு தண்டவாளங்களை இணைக்கும் தகடு) போல்ட்டைக் கழற்றும்படி சீனியர் செக்‌ஷன் இன்ஜினியர் சொல்கிறார். டிராக்மேன் என்னும் பாதைப் பராமரிப்புத் தொழிலாளி சொன்ன பதில்: "கொடிக்காரன் ரெண்டு பக்கமும் போய்ச் சேரட்டும் சார், உடனே கழட்டிடுறேன்." குறிப்பாணையில் இது "மற்ற தொழிலாளர்கள் முன்னிலையில் உத்தரவை ஏற்க மறுத்தார்" என்று ஏறியிருக்கிறது.

சீனியர் செக்‌ஷன் இன்ஜினியரைக் குறுக்கு விசாரணை செய்யும்போது முதலில் உத்தரவின் சூழலைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். எத்தனை மணிக்கு, எந்தக் கிலோமீட்டரில்? லைன் பிளாக் (வேலை முடியும்வரை அந்தப் பாதையில் ரயில் விடாமல் நிறுத்திவைப்பது) கேட்டிருந்தீர்களா, எந்த நிலையத்தில்? 600 மீட்டரில் பேனர் கொடியும் (பாதையின் குறுக்கே கட்டும் சிவப்புத் துணி) 1200 மீட்டரில் டெட்டனேட்டரும் (சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிப்பது) வைக்க யாரை அனுப்பினீர்கள், அவர்கள் இடம் சேர்ந்ததை எப்படி அறிந்தீர்கள்? இவற்றுக்கு வரும் விடைகளை நிலையத்தில் ரயில்கள் வந்துபோன நேரத்தைப் பதியும் டிரெயின் சிக்னல் ரெஜிஸ்டரோடும் கேங் டைரியோடும் ஒப்பிட வேண்டும்; ஆகவே அந்த இரண்டையும் கூடுதல் ஆவணங்களாக, ஒவ்வொன்றும் வழக்குக்கு எப்படித் தொடர்புடையது என்று ஒரு வரி எழுதி, முன்கூட்டியே கேட்டுப் பெற்றிருக்க வேண்டும். பிறகு கேளுங்கள்: டிராக்மேன் என்ன சொன்னார், அவர் சொன்ன சொற்களிலேயே சொல்லுங்கள். கொடிக்காரர்கள் சேர்ந்த பிறகு உத்தரவைத் திரும்பச் சொன்னீர்களா? செய்யாவிட்டால் நடவடிக்கை வரும் என்று எச்சரித்தீர்களா? பிறகு அந்த வேலையை யார் செய்தார்?

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "அப்படியானால் ஏன் மறுத்தார் என்று எழுதினீர்கள்?" என்று வெற்றிக் களிப்பில் கேட்கப்படும் ஒரு கேள்வி, அதுவரை சேர்த்த எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்ல சாட்சிக்கு வாய்ப்பளித்துவிடுகிறது. புதியவர்கள் இதில் விழுவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சாட்சி சொன்னதிலிருந்து பெறப்படும் முடிவை எழுத்து வாதத்தில் எழுதிக்கொள்ளலாம்.

உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலங்கள் ஒரே கையெழுத்திலோ ஒரே வாக்கியங்களிலோ இருந்தால், ஒவ்வொருவரிடமும் அதை எழுதியது யார், எங்கே வைத்து, எப்போது என்று கேளுங்கள். அவர்களைக் குற்றவாளிகளாக நடத்த வேண்டாம். நாளையும் அதே அதிகாரியின் கீழ் வேலை செய்ய வேண்டியவர்கள் அவர்கள். ஆவணம் கோப்பில் இருப்பதாலேயே நிரூபணம் ஆகிவிடாது, சாட்சி வந்து அதை நிறுவ வேண்டும் என்று 2008இல் ரூப் சிங் நேகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நினைவில் வைத்து, வாக்குமூலம் எழுதியவர் வராவிட்டால் அதைச் சேர்ப்பதற்கு ஆட்சேபம் பதிவு செய்யுங்கள்.

பாதுகாப்பு காரணம் எல்லாச் சூழலுக்கும் பொருந்தாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உத்தரவு பிடிக்கவில்லை, அது நியாயமற்றது, வேலை தன் தகுதிக்குக் குறைந்தது என்ற காரணங்களுக்காக மறுத்தவரை இந்த வாதம் காப்பாற்றாது. முதலில் செய்துவிட்டுப் பிறகு முறையிடு என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட நெறி. உயிருக்கோ பாதைக்கோ ஆபத்து தெளிவாக இருக்கும்போதும், உத்தரவே விதிக்கு முரணாக இருக்கும்போதும்தான் விலக்கு. தொழிலாளியிடம் அந்தக் காரணம் உண்மையில் இல்லையென்றால் அதை உருவாக்கிக் கொடுக்காதீர்கள். தண்டனையின் அளவைப் பற்றி வாதிடுங்கள்.

ஒவ்வொரு நாளும் பதிவுகளைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். சொன்னது ஒன்று, எழுதியது வேறு என்றால் அங்கேயே ஆட்சேபம் எழுதுங்கள். தொழிலாளி தன்னைச் சாட்சியாக விசாரித்துக்கொள்ளாவிட்டால், அவருக்கு எதிராக வந்த சாட்சியங்களைப் பற்றி விசாரணை அதிகாரி அவரிடம் பொதுவாகக் கேட்டே ஆக வேண்டும் என்கிறது 1968 ஒழுங்கு விதிகளின் விதி 9(21). இது விடுபட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். விசாரணை அதிகாரியிடம் சார்பு தெரிந்தால் அன்றே எழுத்தில் மாற்றக் கோருங்கள். எழுந்து வெளியே போய்விடாதீர்கள், ஒருதலை விசாரணைக்கு அதுவே வழி திறந்துவிடும்.

விசாரணையே இல்லாமல் நேரடியாக வேலை நீக்க ஆணை வந்திருந்தால் அது விதி 14(ii)இன் கீழ் வந்ததா என்று பாருங்கள். விசாரணை நடத்துவது நடைமுறையில் ஏன் இயலாது என்ற காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 1985இல் துளசிராம் பட்டேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அதிகாரத்தை ஏற்றபோதே, விசாரணையைத் தவிர்க்கும் சாக்காக அது ஆகக்கூடாது என்றும் எச்சரித்தது.

7. விசாரணை அறிக்கையும் தண்டனை ஆணையும்

அறிக்கையின் நகல் கிடைத்ததும் 15 நாளுக்குள் எதிருரை கொடுக்க வேண்டும். நகலைப் பெறும் உரிமை 1993இல் கருணாகர் வழக்கில் உறுதியானது. ஒவ்வொரு முடிவுக்கும் எதிரே, அதற்கு ஆதாரமான சாட்சியத்தின் பக்க எண்ணை எழுதுங்கள்; ஆதாரம் இல்லாத இடத்தில் இல்லை என்று எழுதுங்கள். அறிக்கை தொழிலாளிக்குச் சாதகமாக இருந்து, தண்டிக்கும் அதிகாரி அதிலிருந்து மாறுபட்டால், மாறுபடும் காரணங்களைத் தெரிவித்துக் கருத்துக் கேட்ட பிறகே தண்டிக்கலாம்.

தண்டனை ஆணை வந்ததும் முதலில் கையெழுத்திட்டவரின் பதவியைப் பாருங்கள். அரசியலமைப்பின் 311(1) பிரிவுப்படி, நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் வேலையிலிருந்து நீக்க முடியாது. நியமன ஆணையைத் தேடி எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அடுத்து, ஆணை ரிமூவலா டிஸ்மிஸலா என்று பாருங்கள். ரிமூவல் எதிர்கால அரசு வேலைக்குத் தடையாகாது, டிஸ்மிஸல் சாதாரணமாகத் தடையாகும். குறிப்பாணையில் சொல்லாத பழைய தண்டனைகளை ஆணையில் காரணமாகக் காட்டியிருந்தால், அதுவும் வலுவான குறை.

தண்டனையின் அளவைப் பற்றி இரு பக்கத் தீர்ப்புகளும் உண்டு. உணவு உண்ண மறுத்த ராணுவ வீரரின் தண்டனையை 1987இல் ரஞ்சித் தாக்கூர் வழக்கிலும், மேலதிகாரியிடம் தகாத மொழி பேசிய தொழிலாளியின் பணிநீக்கத்தை 1982இல் ரமா காந்த் மிஸ்ரா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் மிகையென்று கண்டது. ஆனால் 2005இல் நரவாடே வழக்கில், மேலதிகாரியை ஆபாசமாகத் திட்டியவரின் பணிநீக்கத்தை அதே நீதிமன்றம் சரியென்றது. எதிர்த் தரப்பு இதைக் காட்டும். அதில் பேசப்பட்ட சொற்களுக்கும் உங்கள் வழக்கின் சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே முன்கூட்டி எடுத்துரையுங்கள்.

8. மேல்முறையீடும் சீராய்வும்

இரண்டுக்கும் கெடு 45 நாள். மனுவைத் தொழிலாளி தம் பெயரிலேயே, மரியாதையான மொழியில் எழுத வேண்டும். கோபத்தில் எழுதிய ஒரு சொல் கீழ்ப்படியாமைக் குற்றச்சாட்டுக்குப் புதிய சாட்சியாகிவிடும். மேல்முறையீட்டு மனுவிலேயே நேரில் கேட்கப்பட வேண்டும் என்று கோருங்கள். 1986இல் ராம் சந்தர் வழக்கில், ஒரு ரயில்வே தொழிலாளியின் மேல்முறையீட்டைக் காரணம் சொல்லாமல் தள்ளுபடி செய்ததை ஏற்காத உச்ச நீதிமன்றம், நேரில் கேட்டுக் காரணத்தோடு ஆணையிட வேண்டும் என்றது. நடைமுறை பின்பற்றப்பட்டதா, முடிவுக்குச் சாட்சியம் உண்டா, தண்டனை பொருத்தமா என்ற மூன்று தலைப்புகளில் மனுவை அமைத்தால், விதி 22 அதிகாரியிடம் எதிர்பார்க்கும் மூன்றுக்கும் அவர் விடை சொல்லியாக வேண்டும். அனுப்பிய அஞ்சலின் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.

9. தீர்ப்பாயம்

மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போவதென்றால், இறுதி ஆணையிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். மேல்முறையீட்டுக்கு ஆறு மாதமாகப் பதில் இல்லையென்றால், அதன் பிறகு ஓராண்டு. தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகும் வழியும் திறந்திருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நிர்வாகத் தீர்ப்பாயம் பெரும்பாலும் நடைமுறைக் குறையையும் மனசாட்சியை உலுக்கும் அளவு மிகையான தண்டனையையும்தான் பார்க்கும். தொழில் தீர்ப்பாயம் சாட்சியத்தைத் தானே எடைபோட்டுத் தண்டனையைக் குறைக்க முடியும். தொழில் தகராறுச் சட்டத்தின் 11ஏ பிரிவு தந்த இந்த அதிகாரம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020இலும் இருக்கிறது. ஆகவே நடைமுறைக் குறை பளிச்சென்று இருந்தால் முதலாவது, சாட்சியத்தையும் தண்டனையையும்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் இரண்டாவது என்பது என் கருத்து. இந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் வேண்டும். நீங்கள் கொடுக்கும் கோப்புதான் அவருக்கு மூலதனம்.

பல்லவன் ரயிலில் ஏறினால் எழும்பூர் சேரும்போது நண்பகலாகிவிடும் என்பதால், காலை விசாரணைக்கு முந்தைய இரவே ராமேஸ்வரத்திலிருந்து வரும் வண்டியில் கிளம்பச் சொல்லுங்கள்.

மீண்டும் வேலை வழங்கும் ஆணை கிடைத்தால், அதன் நகலோடு பணியில் சேரும் கடிதத்தைத் தாமதமின்றிக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். வேலையில்லாமல் இருந்த இடைக்காலம் பணிக்காலமாகக் கொள்ளப்படுமா, அதற்கு எவ்வளவு ஊதியம் என்பதை நிர்வாகம் தனி ஆணையாகப் பிறப்பிக்க வேண்டும். சேர்ந்த மகிழ்ச்சியில் இதைக் கேட்காமல் விட்டவர்களுக்கு ஊதிய உயர்வுத் தேதியும் ஓய்வூதியக் கணக்கும் குறைந்துபோயிருக்கின்றன. சேரும் கடிதம் கொடுக்கும் அதே நாளில் இதற்கான மனுவையும் கொடுத்துவிடுங்கள்.